பத்து கிலோ

ஜூன் 2, திங்கள்

பிறந்தநாள். நாற்பத்தொன்பது முடிந்தது. காலையில் காபியோடு ஒரு உறையை நீட்டினார் அவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எனக்கு வந்த பரிசுகள் எல்லாமே ப்ளக்கில் மாட்டுகிறவை. கிரைண்டர், வாக்வம் கிளீனர், போன வருடம் மாவு பிசைகிற இயந்திரம். இந்த முறை உறைக்குள் ஒரு அட்டை. தில்லைநகரில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம்மில் என்னை ஒரு வருடத்துக்குப் பிரீமியம் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்.

"டாக்டர் சொன்னாரே, எலும்பு தேயுதுன்னு. வெயிட் தூக்கணும்னு" என்றார்.

டாக்டர் சொன்னது ஏப்ரலில். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது இவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. காதில் விழுந்திருக்கிறது என்பதே இன்றைய பரிசு.

கட்டணம் நாற்பத்தெட்டாயிரம். சாதாரண உறுப்பினருக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் சாதாரணத்தில் பெண்களுக்குப் பதினொன்று முதல் நான்கு மணி வரைதான் அனுமதி. அதற்கு 'லேடீஸ் டைம்' என்று பெயர். அந்த நேரத்தில் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருப்பேன். வேலைக்குப் போகிற பெண் என்று ஒருத்தி இருப்பதே இவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிரீமியம் என்றால் எந்த நேரமும் வரலாம். தனிப் பயிற்சியாளர், துண்டு, நீராவிக் குளியல். திருச்சியில், ஜூன் மாதத்தில், நீராவிக் குளியல்.

இந்த மாத இறுதிக்குள் வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்குமாம். அதற்குள் இது தேறுமா தேறாதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

காலை ஐந்தரைக்குப் போனேன். சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன்.

பயிற்சியாளர் பெயர் ரியாஸ். முப்பது வயதிருக்கும். "வெயிட் லாஸா மேடம்?" என்று கேட்டுவிட்டு, யாரோ சொன்னது ஞாபகம் வந்ததுபோல் நிறுத்திக்கொண்டான். "இல்ல இல்ல, சார் சொன்னாரு. உங்களுக்கு வேற ப்ரோக்ராம்."

சார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எலும்பைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

ஜூன் 4, புதன்

படியிறங்க முடியவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூன் 7, சனி

மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிப்ரவரியில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கையில் இருக்கிறார். அறுவைசிகிச்சை சரியாகத்தான் நடந்தது. ஆனால் கால் ஊன்ற மறுக்கிறது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் ஒருவர் தூக்கிவிட வேண்டும். அதற்காக லால்குடியிலிருந்து ஜெபமணி முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள். மாலை விளக்கு வைத்த பிறகுதான் போகிறாள்.

"காக்கா எந்திரிக்கறதுக்கு முன்னாடி எங்க போற?" என்றார் அத்தை.

"உடற்பயிற்சிக்கு, அத்தை."

"ஓடவா?"

"எடை தூக்க."

"தூக்கி?"

"திரும்ப அங்கேயே வெச்சிடணும்."

"அதுக்குக் காசு வேற குடுக்கறியா" என்றார். ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நியாயமான கேள்விதான்.

ஜூன் 10, செவ்வாய்

பக்கத்தில் ஒரு பெண் கம்பியின் இரு பக்கமும் தட்டு மாட்டித் தூக்குகிறாள். இன்னொருத்தி கயிற்றைப் பிடித்து இழுக்கிறாள். எனக்கு மட்டும் மணல் மூட்டை. தாழ்வான பெஞ்சில் கிடக்கிற மூட்டையை மார்போடு அணைத்து எடுத்து, திரும்பி, பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு.

"கட்டிப்பிடிங்க மேடம். மூட்டை உங்க உடம்பைவிட்டு விலகக் கூடாது. முட்டியை மடக்குங்க. மெதுவா உக்கார வைங்க, தொப்புனு போடாதீங்க."

"மூட்டைதானே. போட்டா என்ன?"

"பழக்கம் ஆயிடும் மேடம்."

எனக்கு மட்டும் ஏன் மூட்டை என்று கேட்டேன். "உங்க ப்ரோக்ராம் அப்படி" என்றான். விசித்திரமான திட்டம். ஆனால் முப்பது கிலோவில் தொடங்கி முப்பத்தைந்துக்கு வந்துவிட்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

கல்லூரி திறந்தது. மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடுகிறது. மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறினேன். துறைத் தலைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடியில் நின்றிருந்தார். அவருடைய பையையும் நானே வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஜூன் 14, சனி

தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் போனைக் காட்டினார். "நாப்பது தூக்கினியாமே."

நான் தூக்குவதெல்லாம் அவர் போனுக்கு வாராவாரம் போகிறது. பணம் கட்டியவர் நம்பர்தான் ஜிம் ஆப்பில் இருக்கிறது. வெட்டவெளியில் துணி மாற்றுகிற மாதிரி இருந்தது.

"அம்மா எவ்வளவு இருப்பாங்க?" என்றார். "விழறதுக்கு முன்னாடி அறுபது. இப்ப இளைச்சுட்டாங்க. ஒரு அம்பத்திரண்டு?"

தெரியாது என்றேன். மிகவும் சந்தோஷமாக இருந்தார். வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். நான் அடுத்த தோசையைக் கருகவிட்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

மூட்டை, நாற்காலி. நாற்காலி, மூட்டை. இன்று ரியாஸ் அதன் நடுவே ஒரு துண்டைப் பட்டையாகக் கட்டியிருந்தான். "இப்படிக் கட்டிக்கிட்டா பிடிக்க வசதியா இருக்கும் மேடம்." ஜெபமணியும் அத்தையின் இடுப்பில் அப்படித்தான் கட்டுகிறாள்.

மேலே எழுத எதுவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஜெபமணி காலையிலிருந்து பேசவில்லை. அத்தையைக் குளிப்பாட்டி, தலை சீவி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம் சமையலறைக்கு வந்தாள். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் எதும் தப்பு பண்ணிட்டனா?"

"என்ன ஆச்சு?"

"சார் நேத்து சொன்னாரு, இந்த மாசத்தோட போதும்னு. வேற எடம் பாத்துக்கன்னாரு. பாட்டிக்கு ஏதும் மனத்தாங்கலா? நேரத்துக்கு வரலியா நானு?"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அக்காதான் ஜிம்முக்குப் போறாங்கல்ல, இனிமே அவங்களே தூக்கிக்குவாங்கன்னாரு."

டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதை மூடவே முடியவில்லை. கடைசியில் திறந்தபடியே பையில் வைத்துக்கொண்டு போய், பையெல்லாம் சாம்பார்.

இரண்டு வாரமாக நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது மணல் மூட்டையை அல்ல.

ஜூன் 18, புதன்

நேற்று பேசினால் கத்தியிருப்பேன். இன்று மாலை அவர் அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"ஜெபமணியை நிறுத்தறீங்களா?"

"நிறுத்தறதுன்னு இல்லை. அடுத்த மாசத்துலேருந்து தேவைப்படாதுன்னேன்."

"அத்தையை யார் தூக்குவா?"

கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பதையே திரும்பக் கேட்கும் மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீதான் நாப்பது தூக்கறியே."

"எனக்குக் காலேஜ் இருக்கு."

"காலையில ஒரு தடவை. மதியம் சாப்பாட்டு நேரத்துல வந்துட்டுப் போயிடலாம், வண்டியில பத்து நிமிஷம். சாயங்காலம் எப்படியும் வந்துடுவே. எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"ரியாஸ்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அம்மா நிலைமையைச் சொன்னேன். அதுக்கேத்த மாதிரி சொல்லிக்குடுங்கன்னேன். நல்ல பையன், புரிஞ்சுக்கிட்டான்." குரலில் துளியும் குற்ற உணர்வு இல்லை. "கணக்குப் பாரு கோதை. ஜெபமணிக்கு மூணு மாசம் குடுக்கறதுல உனக்கு ஒரு வருஷம் ஜிம். உனக்கும் நல்லது, அம்மாவுக்கும் நல்லது."

புள்ளியியல் பேராசிரியையிடம் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்.

"நீங்க ஜிம்முக்குப் போயிருக்கலாமே" என்றேன்.

"பெத்த அம்மாவை நான் எப்படி பாத்ரூம்ல... அவங்களே விட மாட்டாங்க."

அது உண்மை. அத்தை செத்தாலும் விடமாட்டார். அவர் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பாத்ரூம் வேண்டாம். கட்டில்லேருந்து நாற்காலிக்கு?"

"என் முதுகு டிஸ்க் உனக்குத் தெரியாதா."

தெரியும். போன மாதம் இருபத்தைந்து கிலோ அரிசியை இரண்டு மாடி ஏற்றிக்கொண்டு வந்த டிஸ்க்.

"நான் செய்ய மாட்டேன்" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

"இப்ப கோபத்துல இருக்கே. அப்புறம் பேசலாம்" என்று டிவியைப் போட்டார்.

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன். பூனை கத்தியதுபோல அவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

ஜிம்முக்குப் போகக் கூடாது என்று படுத்திருந்தேன். ஐந்தேகாலுக்கு உடம்பு தானாக எழுந்துவிட்டது. அதன்மேலும் கோபம் வந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜெபமணி போய்விட்டிருப்பாள். நான் பலமில்லாமல் தூக்குவேன். வைத்துக்கொண்டால் பலத்தோடு தூக்குவேன். இரண்டிலும் தூக்குகிறவள் நான்தான். என் எலும்பு கெட்டிப்படுகிற ஒவ்வொரு வாரமும் என் தலையில் இன்னொரு வேலை வந்து உட்காரும்.

ரியாஸிடம் மூட்டை வேண்டாம், கம்பி கொடு என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறு பேச்சில்லாமல் கொடுத்தான். நாற்பத்தைந்து கிலோ. தரையிலிருந்து இடுப்புவரை. மூட்டையைவிட இது நேர்மையான பொருள். இரும்பு யாருடைய சாயலிலும் இல்லை.

முடித்ததும் சொன்னேன். "ஆப்புல பத்து கிலோன்னு போடுங்க."

"இன்னிக்கு நாப்பத்தஞ்சு மேடம்."

"தெரியும். பத்துன்னு போடுங்க."

தலையைச் சொறிந்தான். "எல்லாரும் கூட்டிப் போடச் சொல்லுவாங்க மேடம். குறைக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"தோள்ல வலின்னு எழுதிக்கங்க."

"எந்தத் தோள் மேடம்?"

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது" என்றான். "வலதுன்னா கரண்டி பிடிக்கறதுக்கே கஷ்டம்னு ஆயிடும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவாங்க."

தரவைத் திருத்துகிறவனுக்குப் புள்ளியியலில் இடமில்லை என்று இருபத்து நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜூன் 21, சனி

எதிர்பார்த்தது நடந்தது. காலை உணவுக்குப் பிறகு அத்தையின் அறைக்குக் கூப்பிட்டார். "இன்னிக்கு ஒரு தடவை தூக்கிப் பாரேன். ஜெபமணி பக்கத்துல நிக்கட்டும்." நிகழ்ச்சி பார்க்க வந்தவர்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெபமணி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தன் வேலை போகிற வேடிக்கையை அவளையே பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அத்தையின் இடுப்பில் பட்டையைக் கட்டினேன். அணைத்துப் பிடித்தேன். கையை வேண்டுமென்றே நடுங்க வைத்தேன். ஒரு சாண் தூக்கிவிட்டு, முனகி, படுக்கையிலேயே இறக்கினேன்.

"முடியல."

"நாப்பது தூக்கினே?"

"அதுல போனதுதான் இந்தத் தோள். அப்புறம் பத்தைத் தாண்ட முடியல. உங்க போன்லயே இருக்கும் பாருங்க."

பார்த்தார். இருந்தது. முகம் சுருங்கியது. "சரி, மாசக் கடைசிக்குள்ள சரியாயிடும்" என்றார்.

ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையணை உறையை மாற்றப் போய்விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஐம்பது. ஆப்பில் பத்து.

ஜூன் 26, வியாழன்

ஜெபமணி மதியமே கிளம்பிவிட்டாள். வேறு வீட்டில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று பார்க்கப் போனாள். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? நான் நான்கரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அத்தையின் குரல் தரையிலிருந்து வந்தது.

தானே எழுந்து பார்க்கலாம் என்று முயன்றிருக்கிறார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சரிந்து, காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சேலை நனைந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கல. அவமானமா இருக்கு" என்றார்.

அவரைக் கூப்பிட்டால் அலுவலகத்திலிருந்து வர முக்கால் மணி நேரம். அதையெல்லாம் யோசித்தேனா என்று தெரியவில்லை. முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். அத்தையின் கைகளை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எழுந்தேன்.

மூட்டையில் இல்லாதது எல்லாம் அத்தையிடம் இருந்தது. தைல வாசனை, என் பிடரியில் அழுந்திய வளையல், பயத்தில் வேகமாக அடிக்கும் நெஞ்சு. ஆனால் கனம் இல்லை. சிரமமே இல்லாமல் எழுந்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார வைத்தேன். துடைத்துவிட்டு, வேறு சேலை கட்டினேன்.

கடைசிக் கொசுவத்தைச் செருகும்போது சொன்னார். "அப்ப அன்னிக்கு நடிச்சியா."

"ஆமா, அத்தை."

"மோசமான நடிப்பு. மூச்சே வாங்கல உனக்கு. தூக்க முடியாதவளுக்கு மூச்சு வாங்கும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். உன் மாமியாரைத் தூக்க உனக்குக் கசக்கிறதா என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்லியிருக்கமாட்டேன். இல்லை என்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

"எனக்கு ஜெபமணிதான் வேணும்" என்றார் அத்தை. "அவ சம்பளம் வாங்கறா. மெதுவாடீன்னு அதட்டலாம். தண்ணி சூடு பத்தலன்னு திரும்ப அனுப்பலாம். உன்கிட்ட அதெல்லாம் முடியுமா? நீ காலேஜ்லேருந்து ஓடி வருவே. நான் அடக்கிக்கிட்டுக் காத்திருக்கணும். வந்ததும் உன் மூஞ்சியைப் பாத்துப் பேசணும். பெரிய மனசு பண்ணித் தூக்கினியேன்னு நாள் பூரா நன்றியோட கெடக்கணும். எனக்கு அது ஒத்து வராது."

"நான் அவர்கிட்ட மாட்டேன்னு சொன்னேன், அத்தை. கேக்கல."

"மாட்டேன்னா எப்படிக் கேப்பான்? முடியாதுன்னாத்தான் கேப்பான். அவங்க அப்பாவும் அப்படித்தான்." நாற்காலியின் கையைத் தட்டினார். "இன்னிக்கு நான் விழல. நீ தூக்கல. காபி போடு."

ஜூன் 28, சனி

இன்று மாலை, ஜெபமணி போன பிறகு, அத்தை மகனிடம் பேசினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, ஜெபமணியை நிறுத்தறியாமே?"

"கோதை பாத்துக்குவாம்மா. தோள் சரியாயிட்டா..."

"நேத்து அவ தூக்கிப் பாத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டில்ல சாஞ்சோம். இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா தரையில. மிச்சம் இருக்கற இடுப்பையும் ஒடச்சுப் பாக்கணும்னு ஆசையா உனக்கு?"

"நேத்தா? சொல்லவே இல்லையே" என்று என்னைப் பார்த்தார். நான் மூச்சு வாங்கினேன்.

"அவ எப்படிச் சொல்லுவா? பயந்து போயிருக்கா. ஒண்ணு பண்ணு. என்னைக் கொண்டுபோய் கரூர்ல உன் தங்கச்சி வீட்ல விட்டுடு. அவ ஆள் வெச்சுப் பாத்துக்குவா. ஊர்ல கேட்டா, மகன் வீட்ல தூக்கறதுக்கு ஆள் இல்லன்னு நானே சொல்லிக்கறேன்."

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜெபமணிக்குப் போன் செய்தார். அவளுக்கு வேறு வீடு அமைந்துவிட்டதாம். இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்தால் வருவாளாம். அந்த யோசனை அத்தை சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். கொடுக்கிறேன் என்றார் இவர்.

நான் ஜெயித்துவிட்டதாக எழுதமாட்டேன். மாட்டேன் என்று நான் சொன்ன புதன்கிழமையே இது முடிந்திருக்க வேண்டும். படித்து, சம்பாதித்து, ஐம்பதைத் தொடப்போகிறவள் வாயைத் திறந்து சொன்ன ஒரு சொல் இந்த வீட்டில் செல்லவில்லை. நடுங்கின கை செல்லுபடியாகிறது.

ஜூன் 30, திங்கள்

கடைசி நாள். காலையில் ஜிம் அலுவலகத்தில் அவர் கொடுத்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பணம் அவர் கணக்குக்குப் போய்விடும். பிறகு அதே மேஜையில், என் பெயரில், என் பணத்தில், என் போன் நம்பரில் புதிதாகச் சேர்ந்தேன். பிரீமியம்தான். விலை அநியாயம். கடிகாரத்துக்காகக் கப்பம் கட்டுகிறேன் என்று தெரிந்தே கட்டினேன். பெண்களுக்கு மட்டும் ஏன் இந்த நேரக் கட்டுப்பாடு என்று மேலாளரிடம் கேட்டேன். "பாதுகாப்புக்காக மேடம்" என்றார். காசு கொடுத்தால் அந்த ஆபத்து போய்விடுமா என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுத்தில் ஒரு புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்று ஐம்பத்தைந்து. "இதை என்ன மேடம் போடட்டும்?" என்று ரியாஸ் மெதுவாகக் கேட்டான். ஐம்பத்தைந்து என்று போடச் சொன்னேன்.

மாலையில் அவருக்கு வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. கூடத்துக்கு வந்து நின்றார்.

"பணத்தைத் திருப்பி வாங்கிட்டியா. நல்லது. நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"என் காசுல திரும்பச் சேர்ந்துட்டேன். ஒரு வருஷத்துக்கு."

"எதுக்கு? தோள் போனதுலேருந்து பத்து கிலோவைத் தாண்டலையே நீ."

"அதனாலதான் ஒரு வருஷம்" என்றேன்.

அடுத்த அறையில் அத்தைக்கு, சிரிப்பை அடக்கினால் வருகிற இருமல் வந்தது. நிற்கவே இல்லை. ஜெபமணி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.